பம்புக்கு முதல் பைப்

திருகோணமலையில் சாம்பல்தீவுப் பக்கம் மச்சான் ஒருவன் பின்வளவில் மீன்தொட்டி கட்டி முடித்துவிட்டு, எந்தப் பம்ப் வாங்கலாம் என்று கேட்டு மெசேஜ் போட்டிருந்தான். கூடவே பம்புகளின் படங்கள், விலையோடு. பைப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தொட்டி கட்டுகிற முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் தொடங்குகிறார்கள். முதலில் பம்ப், அப்புறம் ஃபில்டர், கடைசியில் ஹாட்வெயார் கடையில் போய் நிற்கும்போதுதான் பைப் ஞாபகம் வரும், கடைக்காரர் எடுத்துத் தருகிற முக்கால் இஞ்சியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். அவனுக்கு எழுதத் தொடங்கிய பதில் நீண்டுகொண்டே போனதால் இங்கேயே போட்டுவிடுகிறேன். அவசரக்காரருக்குச் சுருக்கமாக: பைப்பின் அளவை முதலில் முடிவு செய்யுங்கள், பம்பைக் கடைசியில் வாங்குங்கள். ஏன் என்று கேட்பவர்கள் மேலே படிக்கலாம்.

கொஞ்சம் கணக்கு இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். தொட்டியின் நீளம், அகலம், தண்ணீர் நிற்கிற ஆழம் மூன்றையும் மீட்டரில் அளந்து பெருக்கி, வருவதை ஆயிரத்தால் பெருக்கினால் லீட்டர். உப்புவெளியில் எங்கள் வீட்டுத் தொட்டி 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 0.9 மீட்டர் ஆழம். ஆக 5,400 லீட்டர். அடியில் அளந்தவர்கள் ஒரு கன அடிக்கு 28.3 லீட்டர் என்று போட்டுக்கொள்ளுங்கள். மீன் வளர்க்கிறவர்களின் பொதுக் கணக்கு, தொட்டியின் முழுத் தண்ணீரும் ஒரு மணித்தியாலத்திலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் ஒரு தடவை ஃபில்டருக்குள்ளால் போய்வர வேண்டும் என்பது. கொய் மீன் நிறைய விட்டால் ஒரு மணித்தியாலத்தின் பக்கம், அல்லியும் நாலைந்து சின்ன மீனும் என்றால் இரண்டின் பக்கம். நான் நடுவில் ஒன்றரை எடுத்தேன். 5,400ஐ ஒன்றரையால் பிரித்தால் மணித்தியாலத்துக்கு 3,600 லீட்டர், அதாவது செக்கனுக்குச் சரியாக ஒரு லீட்டர். பிறகு அளந்து பார்க்க வசதியான எண், அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மணித்தியாலத்தையும் தாண்டி இழுக்க ஆசைப்படாதீர்கள், முக்கியமாகக் கச்சான் என்கிற சூடான தென்மேல் காற்று வீசுகிற மாதங்களில். அப்போது தொட்டித் தண்ணீர் 30 பாகையைத் தொடுவது இங்கே சாதாரணம். 20 பாகைத் தண்ணீர் லீட்டருக்கு ஒன்பது மில்லிகிராம் அளவு ஒட்சிசனைப் பிடித்து வைத்திருக்கும், 30 பாகையில் அது ஏழரைதான். குளிர் நாட்டுக்காரர் போடுகிற வீடியோக்களில் பம்பைக் குறைத்து ஓட்டலாம் என்பார்கள், பனிக்காலத்தில் நிறுத்தியும் வைக்கலாம் என்பார்கள். அவர்களுடைய கவலை பைப்புக்குள் தண்ணீர் உறைந்து வெடிப்பது. எங்களுடைய கவலை விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறப்பது. இரவில் தண்ணீர்ச் செடிகளும் பாசியும்கூட ஒட்சிசனைத்தான் எடுக்கும், ஆகவே கரண்ட் பில்லுக்குப் பயந்து இரவில் பம்பை நிறுத்துவது இருக்கிறதிலேயே மோசமான சிக்கனம்.

சரி, பம்பின் பெட்டி. அதில் பெரிய எழுத்தில் இரண்டு எண் இருக்கும். கியூ மெக்ஸ் 6,000 லீட்டர், எச் மெக்ஸ் 3.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். படிக்கிறவர்கள் இந்தப் பம்ப் 6,000 லீட்டரை மூன்றரை மீட்டர் உயரத்துக்கு அனுப்பும் என்று நினைத்துவிடுகிறார்கள். இல்லை. பைப்பே இல்லாமல் தண்ணீருக்குள் அப்படியே ஓடவிட்டால்தான் 6,000. மூன்றரை மீட்டர் உயரத்தில் தண்ணீர் வந்து எட்டிப்பார்க்கும், ஒரு சொட்டும் வெளியே விழாது. நமக்குக் கிடைப்பது இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. அது எங்கே என்று காட்டுகிற வளைகோடு சில பெட்டிகளின் பக்கவாட்டில் சின்னதாக அச்சாகியிருக்கும், பல மலிவுப் பெட்டிகளில் இருக்காது. இல்லாவிட்டால் நான் எச் மெக்ஸின் பாதி உயரத்தில் கியூ மெக்ஸின் பாதி கிடைக்கும் என்று எடுத்துக்கொள்வேன்.

உயரம் என்பது தொட்டியின் நீர்மட்டத்திலிருந்து தண்ணீர் வெளியே விழுகிற இடம் வரைக்கும். பம்ப் அடியில் கிடக்கிறதே, அந்த ஆழத்தையும் கூட்ட வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள், வேண்டாம், தண்ணீருக்குள்ளே தண்ணீரைத் தூக்க வலு செலவாகாது. எங்கள் வீட்டில் ஃபில்டர் ஒரு 200 லீட்டர் நீலப் பரல், இரண்டு அடுக்குக் கல்லின் மேல் நிற்கிறது, அதன் வாய் நீர்மட்டத்திலிருந்து 1.2 மீட்டர். மாமரத்து நிழலும் பிளக் பொயின்டும் அந்தப் பக்கம் இருப்பதால் பரல் அங்கே, பைப் போகிற தூரம் 10 மீட்டர், வழியில் ஆறு வளைவு.

இப்போதுதான் பைப் கதைக்குள் வருகிறது. தண்ணீர் பைப்பின் சுவரோடு உரசிக்கொண்டுதான் போகும், அந்த உரசலையும் உயரமாகவே கணக்கிடலாம். செக்கனுக்கு ஒரு லீட்டர், 10 மீட்டர் நேர் பைப், புது பி.வி.சி. என்று வைத்துக் கணக்குப் போட்டால் ஏறத்தாழ இப்படி வருகிறது: முக்கால் இஞ்சியில், அதாவது 25 மி.மீ. பைப்பில், மூன்று மீட்டருக்கு மேல் போய்விடுகிறது. ஒரு இஞ்சியில், 32 மி.மீ., ஒரு மீட்டர். ஒன்றேகாலில், 40 மி.மீ., முப்பது சென்றிமீட்டர்கூட இல்லை. ஒன்றரையில், 50 மி.மீ., ஒரு பத்து சென்றிமீட்டர், அவ்வளவுதான். துவாரம் பாதியானால் உரசல் இரண்டு மடங்காகும் என்று மனம் சொல்லும், உண்மையில் அது முப்பது மடங்கு அளவில் ஏறுகிறது. வளைவுகளும் அப்படித்தான். ஒரு இஞ்சி எல்போ ஒன்று பன்னிரண்டு சென்றிமீட்டர் உயரத்தைத் தின்னும், ஒன்றரை இஞ்சி எல்போ இரண்டு சென்றிமீட்டரைத் தாண்டாது.

எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். ஒரு இஞ்சிப் பைப் போட்டால் 1.2 மீட்டர் உயரம், ஒரு மீட்டர் உரசல், ஆறு எல்போவுக்கு எழுபது சென்றிமீட்டர், மொத்தம் 2.9. ஒன்றரை போட்டால் 1.2, அதோடு பத்து, இன்னொரு பத்து, மொத்தம் 1.4. வேலை ஒன்று, தண்ணீர் ஒன்று, முதலாவதற்கு இரண்டு மடங்கு வலுவுள்ள பம்ப் வேண்டும். முக்கால் இஞ்சி என்றால் கணக்கையே போடாதீர்கள், நாலரை மீட்டரைத் தாண்டிவிடும். அதற்கு ஈடுகொடுக்கிற பம்ப் தொட்டிப் பம்பே இல்லை, அது வேறு சாதி.

ஹாட்வெயார் கடையில் ஒன்றரை இஞ்சி கேட்டால் விடமாட்டார்கள். "தம்பி, வீட்டு லைனுக்கே முக்கால்தான் போடுறது, மீனுக்கு என்னத்துக்கு ஒன்றரை? சும்மா காசைக் கொட்டாதேங்கோ, முக்கால் காணும்" என்றார் நான் போன கடை அண்ணன். அக்கறையில்தான் சொல்கிறார், வீட்டு லைனைப் பொறுத்தவரை சரியும்தான். வீட்டுப் பைப் ஒன்றைத் திறந்தால் நிமிடத்துக்குப் பத்து லீட்டர் வந்தால் போதும், பின்னால் மேல்தாங்கியின் அழுத்தமோ நீர் வழங்கல் சபை லைனின் அழுத்தமோ இருக்கிறது. தொட்டிக்கு நிமிடத்துக்கு அறுபது லீட்டர் வேண்டும், பின்னால் இருப்பது ஒரு சின்ன பம்ப். இதைக் கடையில் நின்று விளக்கினால் பின்னால் நிற்கிறவர்கள் முறைப்பார்கள். பேசாமல் "ஒன்றரை தாங்கோ அண்ணை" என்று சொல்லி வாங்கிக்கொண்டு வருவதுதான் வழி.

இன்னொன்று, பைப்பில் டைப் 600, டைப் 1000 என்று எழுதியிருக்கும். எண் கூடினால் சுவர் தடிப்பு, வெளிவிட்டம் ஒன்றேதான், ஆகவே உள்துவாரம் சின்னது. தொட்டி லைனில் அழுத்தம் என்று சொல்ல ஒன்றும் இல்லை, மூன்று மீட்டர் தண்ணீர் உயரம் வெறும் 0.3 பார்தான். இங்கே தடிப்புப் பைப்புக்குக் காசு கொடுப்பது வீண். மெல்லிய சுவர்ப் பைப்பே போதும், துவாரமும் பெரிது, விலையும் குறைவு. ஆனால் வயரிங் வேலைக்கு விற்கிற கொண்டியூட் பைப்பைத் தண்ணீருக்குப் போடச் சொல்கிற ஆட்களும் இருக்கிறார்கள், அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

பழைய கிணற்று மோட்டர் சும்மா கிடக்கிறது, அதைப் பூட்டலாமே என்கிற யோசனை எல்லா வீட்டிலும் வரும். எங்கள் வீட்டிலும் அப்பா முதலில் கேட்டது அதைத்தான். அரை எச்.பி. என்றால் 373 வாட், அது மோட்டர் வெளியே கொடுக்கிற வலு, உள்ளே இழுப்பது அதைவிடக் கூட. குறைந்த கணக்கில் பார்த்தாலும் இருபத்துநாலு மணித்தியாலம் ஓடினால் நாளுக்கு ஒன்பது யூனிட், மாதத்துக்கு 270. வீட்டு மின்கட்டணம் யூனிட் ஏற ஏறப் படிப்படியாகக் கூடுகிறது என்பதால் அந்த 270 உங்கள் வழக்கமான பாவனைக்கு மேலே போய் உட்காரும், விலை கூடிய படியில். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். தொட்டிக்கென்று செய்த 60 வாட் பம்ப் மாதத்துக்கு 43 யூனிட்டோடு நின்றுவிடும். அதோடு கிணற்று மோட்டர் இரவு பகலாக ஓடச் செய்ததும் இல்லை, டாங்கி நிரம்பினதும் நிறுத்துகிற சாமான் அது.

வெளியே வைக்கிற பம்பா தண்ணீருக்குள் கிடக்கிற பம்பா என்பது பெரிய விவாதம், ஆனால் உப்புவெளி, நிலாவெளி மாதிரி மணல் பக்கத்தில் விவாதத்துக்கு வேலையில்லை என்பது என் அபிப்பிராயம். வெளிப் பம்ப் நன்றாக இழுக்க வேண்டுமென்றால் அது நீர்மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும், அதாவது ஒரு குழி. கார்த்திகை, மார்கழியில் வாடையோடு மழை கொட்டும்போது எங்கள் மணலில் தண்ணீர் கீழேயிருந்தே ஏறி வரும், குழி கிணறாகிவிடும், மோட்டர் முழுகிவிடும். மேலே வைத்தால் உறிஞ்சுகிற பைப்பின் அடியில் தண்ணீரைத் திரும்ப விடாத ஃபுட் வால்வு வேண்டும், அந்த வால்வின் நாக்கில் ஒரு மாவிலைத் துண்டு மாட்டினால் கரண்ட் போய்வருகிற ஒவ்வொரு தடவையும் பைப்பில் தண்ணீர் இறங்கிப்போய் மோட்டர் வெறும் காற்றைச் சுற்றிக்கொண்டிருக்கும். உறிஞ்சுகிற பக்கத்தில் ஊசிமுனை அளவு கசிவு இருந்தாலும் தண்ணீர் வெளியே வராது, காற்று உள்ளே போகும், அதைக் கண்ணால் கண்டுபிடிக்கவும் முடியாது. உவர்மலையில் பாறை மேல் வீடு வைத்திருக்கிறவர்களுக்குக் குழியில் நீர் ஏறுகிற பிரச்சினை இல்லை, ஆனால் அவர்களுக்கு முதலில் குழியைத் தோண்டுவதே பிரச்சினை.

தண்ணீருக்குள் கிடக்கிற பம்பை அடியில் மண்ணோடு வைக்காதீர்கள். இரண்டு கல்லை வைத்து ஒரு அடி உயர்த்தி வையுங்கள். சேறு குறைவாக இழுக்கும் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு: நீங்கள் வீட்டில் இல்லாத நேரம் பைப் கழன்றாலோ உடைந்தாலோ பம்ப் தொட்டியை வளவுக்குள் இறைத்துக்கொண்டே இருக்கும், தன் வாய் வெளியே தெரியும் வரைக்கும். அந்தக் கடைசி ஒரு அடித் தண்ணீரில் மீன் உயிரோடு இருக்கும். ட்ரிப் சுவிட்ச் இல்லாத லைனில் பம்பைக் கொடுக்கக் கூடாது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, கையைத் தண்ணீருக்குள் விடும் முன் பிளக்கைக் கழற்றுங்கள், அவ்வளவும்தான்.

பம்பிலிருந்து வெளியே வருகிற முதல் முழத்துக்கு மட்டும் வளைகிற ஹோஸ் போடுங்கள். வயலில் தண்ணீர் இறைக்க விற்கிற, வரிவரியாக எலும்பு வைத்த சக்‌ஷன் ஹோஸ் இருக்கிறதே, அதுதான், மடிந்து அடைக்காது, பம்பின் அதிர்வு பைப்புக்குப் போகாது, கழுவுவதற்குப் பம்பை வெளியே தூக்கவும் வசதி. ஆனால் முழு லைனையும் ஹோஸில் போட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள். உள்ளே வரி இருப்பதால் உரசல் கூட, அதிலும் கண்ணாடி மாதிரித் தெளிவான ஹோஸ் என்றால் வெயில் பட்டு உள்ளே பாசி பிடிக்கும். நண்பன் ஒருவன் வீட்டில் அப்படி ஒரு ஹோஸை வெட்டிப் பார்த்தோம். பச்சைப் பாசி வழவழவென்று சுற்றிவர ஒட்டி, ஒரு இஞ்சித் துவாரம் சுண்டுவிரல் போகிற அளவுக்கு வந்திருந்தது, கையில் எடுத்தால் தோல் மாதிரி உரிந்தது.

வளைவுகளுக்கு எல்போவைக் குறையுங்கள். ஒரு 90க்குப் பதிலாக இரண்டு 45, அல்லது நீண்டு வளைகிற பென்ட். பைப்பைச் சுவரோரமாகச் செங்கோணமாகக் கொண்டுபோவதுதான் பிளம்பிங் பாஸ்மாருக்கு அழகு. தண்ணீருக்கு அந்த அழகு தேவையில்லை, குறுக்காகப் போகட்டும், எப்படியும் மணலுக்குள் புதைக்கப்போகிறோம். யூனியனில், அதாவது கையால் கழற்றிப் பூட்டுகிற இணைப்பில், கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். பம்ப் ஹோஸ் முடிகிற இடத்தில் ஒன்று, பரலுக்கு முன்னால் ஒன்று. யூனியன் இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவை கழற்றவும் வாள் எடுக்க வேண்டும், ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு ஒரு சொக்கட், ஒரு கம், பைப் ஒட்டுப்போட்ட சாரம் போல ஆகிவிடும். போல் வால்வு ஒன்று பம்புக்குப் பிறகு வையுங்கள், முழுத் துவாரமாகத் திறக்கிற வகையாகப் பார்த்து. தண்ணீர் கூடினால் அதில் குறைக்கலாம், உறிஞ்சுகிற பக்கத்தில் எதையும் அடைத்துக் குறைக்கக் கூடாது.

பரலில்தான் நிறையப் பேர் திண்டாடுகிறார்கள். பி.வி.சி. கம் அந்த நீலப் பிளாஸ்டிக்கில் ஒட்டாது, சிலிக்கனும் ஒட்டின மாதிரி இருந்துவிட்டுத் தாள் மாதிரிக் கழன்று வரும். துவாரம் வெட்டி டாங்க் கனெக்டர்தான் போட வேண்டும், ரப்பர் வாஷரோடு. பரலின் சுவர் வளைவு என்பதால் பெரிய கனெக்டரின் வாஷர் முழுக்கப் படியாமல் இரண்டு ஓரத்தில் கசியும், கொஞ்சம் தடித்த, மெத்தென்ற ரப்பராகத் தேடுங்கள், பழைய டயர் டியூபில் வெட்டினாலும் வேலை செய்கிறது. கனெக்டருக்குப் பிறகு வால்வ் சொக்கட், ஃபோசெட் சொக்கட் என்று மரை வைத்த சாமான்கள் வரும். த்ரெட் டேப்பை மரை இறுகுகிற திசையிலேயே சுற்றி, கையால் இறுக்கி, அப்புறம் ஒரு சுற்று, அவ்வளவோடு விட்டுவிட வேண்டும். ரெஞ்ச் போட்டு மல்லுக்கட்டினால் பிளாஸ்டிக் மரை அப்போது வெடிக்காது, ஒரு வாரம் கழித்து ஆள் இல்லாத நேரம் வெடிக்கும். இரும்பு மரையைப் பிளாஸ்டிக் சொக்கட்டுக்குள் முறுக்குவதும் அதே கதை.

பரலிலிருந்து தொட்டிக்குத் திரும்பி வருகிற பைப் போகிற பைப்பைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், இதை யாரும் சொல்லித் தருவதில்லை. போகிற தண்ணீரைப் பம்ப் தள்ளுகிறது, திரும்புகிற தண்ணீர் தன் பாரத்தில் தானே வருகிறது. பரலின் வாய்க்கும் வெளியேறும் துவாரத்துக்கும் நடுவில் இருக்கிற பத்துச் சென்றிமீட்டர்தான் அதற்கு இருக்கிற முழு வலு. ஒன்றரை போனால் இரண்டு இஞ்சியாவது திரும்ப வேண்டும், 63 மி.மீ. அதற்கு மேலே இரண்டு விரல் உயரத்தில் இன்னொரு இரண்டு இஞ்சித் துவாரம் வைத்து அதையும் தொட்டிக்கே விடுங்கள். கீழ்த் துவாரத்து வலையில் இலை அடைத்த அன்றைக்கு மேல்துவாரம் வேலை செய்யும், இல்லாவிட்டால் பரல் வழிந்து, பம்ப் தொட்டியை வளவுக்குள் ஊற்றி முடித்திருக்கும். தொட்டிக்குள் விழுகிற இடம் பம்புக்கு எதிர்ப்பக்க மூலையாக இருக்கட்டும், கொஞ்சம் உயரத்திலிருந்து கல்லில் பட்டு விழட்டும், காற்றும் சேரும், நீரின் மேல்பரப்பும் அசையும், நுளம்பு முட்டை இடவும் யோசிக்கும்.

பரலுக்குள் என்ன போடுவது என்பதற்குத் தனியாக எழுதலாம். சுருக்கமாக, கல்லும் சல்லியும் வேண்டாம், அடைத்துக்கொள்ளும், கழுவ முதுகு முறியும். கீழே அழுக்குப் படிய இடம், அதற்கு ஒரு போல் வால்வு வைத்த வடிகால், நடுவில் ஸ்பொஞ்ச், மேலே கரையில் கழித்துப்போட்ட நைலோன் வலை. திருகோணமலையில் அதற்குப் பஞ்சமே இல்லை. உப்புப் போக நாலைந்து தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து, கசக்கிப் போட்டால் அமோனியாவைத் தின்கிற பக்டீரியா குடியிருக்க நல்ல இடம். அவை முழுமையாகப் பெருக ஒரு மாதம், ஒன்றரை மாதம் எடுக்கும், அதுவரை மீனைக் கொஞ்சமாக விடுங்கள்.

கரண்ட் போகும்போது என்ன நடக்கும் என்பதைப் பைப் போடும்போதே யோசிக்க வேண்டும். பைப் பரலின் அடியில் நுழைந்தால், பம்ப் நின்றவுடன் பரல் தண்ணீர் அதே வழியால் தொட்டிக்குத் திரும்பிப் பாயும், படிந்த அழுக்கு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு. ஒரு பக்கம் மட்டும் தண்ணீரை விடுகிற செக் வால்வு போடலாம், ஆனால் அதுவும் உயரத்தைத் தின்கிற சாமான், குப்பை மாட்டினால் மூடாது. நான் பைப்பைப் பரலின் வாய்க்கு மேலால் கொண்டுபோய் உள்ளே அடிவரை இறக்கி, உள்ளே நீர்மட்டத்துக்கு ஒரு விரல் மேலே ஆறு மி.மீ. துவாரம் ஒன்று போட்டிருக்கிறேன். ஓடும்போது அதிலிருந்து ஒரு நூல் தண்ணீர் பீய்ச்சும், பரலுக்குள்தானே, பரவாயில்லை. நின்றவுடன் அதால் காற்றுப் புகுந்து திரும்பிப் பாய்வதை அறுத்துவிடும். கரண்ட் பல மணித்தியாலம் போயிருந்தால், வந்தவுடன் பம்பைப் போடாதீர்கள். ஒட்சிசன் இல்லாமல் பரலுக்குள் பக்டீரியா செத்து நாறத் தொடங்கியிருக்கும், அந்தத் தண்ணீரை வடிகால் வால்வால் தென்னைக்கு விட்டுவிட்டு அப்புறம் போடுங்கள்.

கம் பூசுகிற வேலையைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். கச்சான் அடிக்கிற மத்தியானத்தில் தூரிகை பைப்பைத் தொடும் முன்பே கம் தோல் கட்டிவிடும். நேராக வெட்டி, பிசிறைச் சுரண்டி, உப்புத்தாளால் உரசி, இரண்டு பக்கமும் பூசி, தள்ளிக் கால் சுற்றுத் திருப்பி, அரை நிமிடம் விடாமல் பிடியுங்கள், இல்லாவிட்டால் மெல்லப் பின்னுக்கு வந்துவிடும். ஒரு இரவு விட்டு, முதல் தண்ணீரை வெளியே ஓடவிட்ட பிறகே தொட்டிக்குள் விடுங்கள், கம்மில் இருக்கிற கரைப்பான் மீனுக்கு ஆகாது.

இங்கே கடல்காற்று எதையும் விட்டுவைக்காது. ஹோஸ் கிளிப் வாங்கப் போகும்போது பையில் ஒரு காந்தத் துண்டு கொண்டுபோங்கள். ஸ்டெயின்லெஸ் என்று விற்கிற கிளிப்பில் பட்டி ஸ்டெயின்லெஸாக இருக்கும், திருகாணி வெறும் இரும்பாக இருக்கும், காந்தம் சட்டென்று ஒட்டினால் வைத்துவிட்டு வாருங்கள். நாகம் பூசிய பைப்பும் செம்பும் தொட்டிப் பக்கமே வேண்டாம், துருவும், மீனுக்கும் கூடாது. பி.வி.சி.யும் வெயிலில் கிடந்தால் ஒருசில வருடத்தில் வெளிறி முறுகிவிடும், பிறகு ஒரு கட்டாக்காலி மாடு மிதித்தால் போதும். எங்கள் பக்கம் மாடு, டவுனுக்குள் புள்ளிமான். பிரெட்ரிக் கோட்டைப் பக்கத்து மான்கள் வளவுகளுக்குள் வந்து தொட்டியில் தண்ணீர் குடிப்பது பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, குடித்துவிட்டுப் பைப்பைத் தாண்டாமல் அதன் மேலேயே நிற்கும். ஒரு அடி ஆழத்தில் புதைத்துவிடுங்கள், மேலே தெரிகிற துண்டுகளுக்கு ஒரு பூச்சுப் பெயின்ட்.

மழைக்கு: தொட்டியின் விளிம்புக்குக் கீழே ஒரு வழிவு பைப், இரண்டு இஞ்சிக்குக் குறையாமல், மீன் போகாத வலையோடு. வருடத்து மழையில் பெரும்பகுதி ஐப்பசிக்கும் தைக்கும் நடுவில்தான் கொட்டுகிறது, அது அரை இஞ்சித் துவாரத்துக்குக் காத்திருக்காது.

எல்லாம் பூட்டின பிறகு 20 லீட்டர் வாளி ஒன்றை எடுத்துப்போய், பரலிலிருந்து திரும்பி வருகிற பைப் தொட்டிக்குள் விழுகிற வாயில் பிடியுங்கள். கணக்குச் சரி என்றால் இருபது செக்கனில் நிரம்ப வேண்டும். நிரம்புகிற நேரத்தைப் பரலின் மேலேயே மார்க்கரால் எழுதிவைத்து, அவ்வப்போது பிடித்துப் பாருங்கள். நேரம் நீண்டால் முதலில் பம்பின் கூடை, பிறகு ஹோஸ், பிறகு பைப்பின் உள்சுவர், அந்த வரிசையில்.

மச்சான், பச்சைத் தண்ணீரைத் தெளியவைக்க யூ.வி. (புற ஊதா) விளக்கும் போடப்போகிறேன் என்று கடைசியில் எழுதியிருந்தாய். இப்போது வாங்காதே, பரல் ஒழுங்காக ஓடத் தொடங்கினால் அரைவாசிப் பச்சை தானாகவே போய்விடும். ஆனால் பரலுக்கு முன்னால் மூன்று வாய் உள்ள டீ இணைப்பு இரண்டும் போல் வால்வு மூன்றும் வைத்து, டீயின் பக்கவாய்களை மூடிவிடு. பிறகு தேவைப்பட்டால் விளக்கை அதில் பக்கவழியாகப் பூட்டலாம், பைப்பை வெட்டத் தேவையில்லை, பல்ப் மாற்றும்போது பம்பை நிறுத்தவும் தேவையில்லை.